பிளேஃபேர் டிஸ்ப்ளே பிளாக் இட்டாலிக்: கல்யாணப் பத்திரிகை அடிக்கிற ஒருத்தியின் மதிப்புரை

மதுரையில் மாசி வீதிகளுக்கு உள்ளே ஒரு சந்தில், மாடிப்படிக்குக் கீழே இருக்கிற இடத்தில் இரண்டு கம்ப்யூட்டர் போட்டு டி.டி.பி., அதாவது அச்சுக்குப் பக்கம் வடிவமைக்கிற வேலை செய்கிறேன். பேஜ்மேக்கர் மென்பொருளும் பாமினி என்ற தமிழ் ஃபாண்டும் இருந்த காலத்தில் ஆரம்பித்தது. இப்போது முக்கால்வாசி கல்யாணப் பத்திரிகைதான். மீதி காதுகுத்து, கிரகப்பிரவேசம், கடை திறப்பு விழா, அப்புறம் ராத்திரி பத்து மணிக்குக் கதவைத் தட்டிக் கேட்கிற கண்ணீர் அஞ்சலி. அட்டை சிவகாசியிலிருந்து ரெடிமேடாக வரும். மேலே பிள்ளையாரும் தங்க ஃபாயிலும் ஏற்கெனவே இருக்கும். உள்ளே வைக்கிற தாளில் ஒரு பக்கம் தமிழ், மறு பக்கம் இங்கிலீஷ். அந்த இங்கிலீஷ் பக்கத்தின் நடுவில் மாப்பிள்ளை பெயர், கீழே பெண் பெயர். வீட்டுக்காரர்கள் புரூஃபை வாங்கியதும் முதலில் விரல் வைக்கிற இடம் அதுதான். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று ஒரு தடவை, அழகாக இருக்கிறதா என்று மூன்று தடவை பார்ப்பார்கள்.

ஏழெட்டு வருஷமாக அந்த இரண்டு பெயர்களுக்கு நான் அதிகம் போட்டது பிளேஃபேர் டிஸ்ப்ளே என்ற இங்கிலீஷ் ஃபாண்டின் பிளாக் இட்டாலிக், அதாவது அதில் இருக்கிற மிகத் தடித்த சாய்வெழுத்து. ஒரு பொருளை வைத்து இத்தனை நாள் சோறு சாப்பிட்டிருக்கிறேன், அதைப் பற்றி எழுதியதே இல்லை. பாராட்டும் இருக்கிறது, திட்டும் இருக்கிறது. திட்டு கொஞ்சம் காசு போன கதை.

முதலில் விலை. இலவசம். கிளாஸ் எக்கர்ஸ் சோரன்சன் என்ற டென்மார்க்காரர் வரைந்தது. 2011-இல் கூகுள் ஃபாண்ட்ஸில் வந்தது. ஓப்பன் ஃபாண்ட் லைசென்ஸ் என்ற உரிமத்தில் இருப்பதால் தொழிலுக்குப் பயன்படுத்தலாம், புத்தகத்தில் போடலாம், இணையதளத்தில் ஏற்றலாம், மாற்றிக்கூட வரையலாம். ஃபாண்டை மட்டும் தனியாக விற்கக் கூடாது, அவ்வளவுதான். எங்கள் தொழிலில் திருட்டு ஃபாண்ட் சி.டி.யில்தான் பாதிப் பேர் வளர்ந்தோம். அந்த உறுத்தல் இல்லாமல் வேலை செய்ய முடிவதே எனக்குப் பெரிய விஷயம். ரெகுலரில் ஆரம்பித்து மீடியம், செமி போல்ட், போல்ட், எக்ஸ்ட்ரா போல்ட், பிளாக் என்று ஆறு கனம். ஒவ்வொன்றுக்கும் ஒரு இட்டாலிக். ஆக மொத்தம் 12. இதில் ரெகுலரும் போல்டும் எல்லா அழகுநிலைய போர்டிலும் எல்லா கேக் டப்பாவிலும் பார்த்துச் சலித்தவை. கடைசியில் உட்கார்ந்திருக்கிற பிளாக் இட்டாலிக்கைத்தான் ஆட்கள் திறந்தே பார்ப்பதில்லை.

அது எப்படி இருக்கும்? கனமான கோடு உலக்கை மாதிரி. அதே எழுத்தின் மெல்லிய கோடு தலைமுடி மாதிரி. இரண்டுக்கும் நடுவில் சமாதானமே கிடையாது. சிற்றெழுத்து 'ஏ', 'சி', 'ஆர்' ஆகியவற்றின் நுனியில் மைத்துளி சொட்டப்போவது போல ஓர் உருண்டை. சாதாரண ரெகுலரில் இரண்டு மாடி வீடு மாதிரி நிற்கிற சிற்றெழுத்து 'ஏ', இட்டாலிக்கில் ஒற்றை மாடியாக, கையால் எழுதுகிற வடிவத்துக்கு மாறிவிடும். அதாவது இது நேரான எழுத்தைப் பிடித்துச் சாய்த்தது அல்ல, தனியாக வரைந்தது. பெயர்களுக்கு நடுவில் போடுகிற 'அண்ட்' குறி சுருண்டு வளைந்து ஒரு நகை மாதிரி இருக்கும். 'வெட்ஸ்' என்று எழுதித்தான் ஆக வேண்டும் என்று வருகிற வீட்டாரிடம் இந்தக் குறியை 60 பாயிண்டில் (பாயிண்ட் என்பது எழுத்தின் அளவு) போட்டுக் காட்டுவேன். பத்தில் ஆறு பேர் மனசு மாறிவிடுவார்கள்.

தடிமனும் சாய்வும் சேர்ந்த எழுத்து என்பதே ஒரு விசித்திரமான கூட்டணி. இட்டாலிக் பிறந்தது வெனிஸில். ஆல்டஸ் மனுடியஸ் என்ற பதிப்பாளருக்காக ஃபிரான்செஸ்கோ கிரிஃபோ என்பவர் அச்செழுத்தாக வெட்டிக் கொடுத்தார். 1501-இல் கவிஞர் வர்ஜிலின் நூலை முழுக்க இந்தச் சாய்வெழுத்திலேயே அச்சடித்தார்கள். கையடக்கமான புத்தகத்தில் போட்ட நெருக்கமான, மெல்லிய எழுத்து அது. தடித்த எழுத்தோ அதற்கு 300 வருஷம் கழித்து லண்டன் தெருக்களில் வளர்ந்தது. லாட்டரிச் சீட்டு விளம்பரங்கள் தூரத்திலிருந்தே கண்ணில் பட வேண்டுமே, அதற்காக எழுத்தை ஊத வைத்தார்கள். ஃபேட் ஃபேஸ், அதாவது குண்டு எழுத்து என்றே அதற்குப் பெயர். ஒரு பக்கம் கவிதைப் புத்தகம், இன்னொரு பக்கம் லாட்டரி நோட்டீஸ். பிளேஃபேரின் பிளாக் இட்டாலிக்கில் இரண்டு ரத்தமும் ஓடுகிறது. கல்யாணப் பத்திரிகைக்கு வேண்டியதும் அதே கலவைதான் என்று எனக்குத் தோன்றும். நளினமாகவும் இருக்க வேண்டும், மண்டபத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிற ஒன்றுவிட்ட சித்தப்பாவுக்கும் தெரிய வேண்டும்.

சோரன்சன் முன்னால் வைத்துக்கொண்டது பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்து எழுத்துகளை. ஒருவர் பர்மிங்ஹாமின் அச்சுக்காரர் ஜான் பாஸ்கர்வில். இன்னொருவர் வில்லியம் மார்ட்டின். 1790-களில் பாய்டெல் என்பவர் படங்களோடு கொண்டுவந்த ஷேக்ஸ்பியர் பதிப்புக்கு எழுத்து வெட்டியவர். அகல நிப்பு இறகுப் பேனா போய், அழுத்தினால் விரிந்து விட்டால் ஒடுங்குகிற கூர்முனைப் பேனா வந்த காலம் அது. கனம், மெலிவு என்று கோடு பிரிந்தது அங்கிருந்துதான்.

பாஸ்கர்வில் கதையில் எனக்குத் தொழில் பாடம் ஒன்று இருக்கிறது. அவர் மெல்லிய கோடுகளோடு எழுத்தை வார்த்ததோடு நிறுத்தவில்லை. அந்தக் கோடு தாளில் உடையாமல் விழ வேண்டும் என்று மையை மாற்றினார், வழவழப்பான தாளைத் தேடினார், அச்சடித்த தாளைச் சூடான செப்புத் தகடுகளுக்கு நடுவில் வைத்து அழுத்தினார். 1757-இல் அவர் போட்ட முதல் பெரிய புத்தகமும் வர்ஜில்தான். அப்போதே, இவ்வளவு மெல்லிய கோடு படிக்கிறவர் கண்ணைக் கெடுத்துவிடும் என்று ஒருவர் குறை சொன்னாராம். பெஞ்சமின் ஃபிராங்க்ளின் அந்த ஆளிடம் காஸ்லன் என்ற இன்னொரு எழுத்து வார்ப்பவரின் மாதிரித் தாளைப் பெயரைக் கிழித்துவிட்டு, 'இதுதான் பாஸ்கர்வில்' என்று நீட்ட, அவரும் அதில் வரிசையாகக் குற்றம் கண்டுபிடித்திருக்கிறார். ஃபிராங்க்ளினே இதை பாஸ்கர்விலுக்குக் கடிதமாக எழுதியிருக்கிறார். எங்கள் கடைக்கு வருகிற மாமாக்களை நினைத்துக்கொண்டேன்.

சிரிப்பு இருக்கட்டும். எழுத்து, மை, தாள் மூன்றையும் ஒரே ஆள் பார்த்துக்கொண்டார் என்பதுதான் விஷயம். நமக்கு ஃபாண்ட் இலவசமாக வந்துவிட்டது, தாளும் மையும் நம் பொறுப்பு. கையால் செய்த சொரசொரப்புத் தாள் இப்போது ஃபேஷன். பூவிதழ் எல்லாம் பதித்து வரும். அதில் பிளேஃபேர் பிளாக் இட்டாலிக்கை ஸ்கிரீன் பிரிண்டிங்கில் அடித்துப் பாருங்கள். தடித்த கோடு மட்டும் விழுந்து, மெல்லிய கோடு மேட்டில் ஏறிப் பள்ளத்தில் காணாமல் போகும். 'என்' என்ற எழுத்து இரண்டு குச்சியாக நிற்கும். ஸ்கிரீன் அடிக்கிற தம்பி முதல் தடவையே சொன்னான்: "அக்கா, இந்த எழுத்துக்குப் பாதிதான் மை இறங்குது. மீதிய நீங்க பேனாவால எழுதிருங்க." நான் கேட்கவில்லை. 150 தாள் குப்பைக்குப் போனது.

அதற்கப்புறம் எனக்கு நானே வைத்துக்கொண்ட கணக்கு இது. வழவழப்பான ஆர்ட் போர்டில் ஆஃப்செட் என்றால் 14 பாயிண்டுக்குக் கீழே இறங்க மாட்டேன். ஸ்கிரீன் என்றால் 20. தங்க மை கெட்டியானது, 'ஈ' எழுத்தின் கண்ணை அடைத்துவிடும், ஆகவே 24. மெரூன் பின்னணியில் எழுத்தை வெள்ளையாக விடுவதென்றால் 28-க்கு மேலேதான். சுற்றிலும் இருக்கிற மை உள்ளே பரவி முடிக்கோட்டை, அதாவது அந்தத் தலைமுடி மாதிரி மெல்லிய கோட்டைத் தின்றுவிடும். சொரசொரப்புத் தாளுக்கு இந்த ஃபாண்டே வேண்டாம். பெயரிலேயே டிஸ்ப்ளே என்று வைத்திருக்கிறார்கள், பெரிதாகப் போடத்தான் என்று அர்த்தம். நாம் பெயரைப் படிக்காமல் 9 பாயிண்டில் மண்டப முகவரி அடித்துவிட்டுக் கண்ணைக் கசக்குகிறோம்.

இப்போது காசு போன கதை.

ஒரு கல்யாணம், 600 பத்திரிகை. பெண் வீட்டு அப்பா பென்ஷன் வாங்குகிறவர், நிதானமான மனிதர். பெயர்கள் பிளேஃபேரில் அழகாக வந்ததும் எனக்கு ஆசை அதிகமாகிவிட்டது. தேதி, நேரம், தொடர்புக்கான ஃபோன் நம்பர் எல்லாவற்றையும் அதே குடும்பத்தில் போட்டேன். திரையில் பார்த்தபோது ஏதோ புதுமையாகத்தான் தெரிந்தது. அடித்து, மடித்து, கட்டிக் கொடுத்தாயிற்று. மறுநாள் காலை ஒரு பத்திரிகையோடு வந்து நின்றார்.

"என்னம்மா இது, ஃபோன் நம்பர் படிக்கட்டு ஏறி இறங்குது?"

பார்த்தேன். 9 கோட்டுக்குக் கீழே தொங்குகிறது. 8 எழும்பி நிற்கிறது. அடுத்து வந்த இரண்டு 0-வும் குள்ளமாக, இங்கிலீஷ் 'ஓ' மாதிரி உட்கார்ந்திருக்கின்றன. தப்பு ஒன்றும் இல்லை சார், இது பழைய பாணி எண் என்று சொன்னேன்.

"பழைய பாணிதான். ஆனா எங்க அக்காவுக்கு 78 வயசு. அவங்க இதப் பாத்து ஃபோன் போடணும்ல?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. உள்தாளை மட்டும் என் செலவில் திரும்ப அடித்துக் கொடுத்தேன்.

விஷயம் என்னவென்றால், பிளேஃபேர் டிஸ்ப்ளேயில் எண்களைத் தட்டினால் இயல்பாக வருவது பழைய பாணி எண்கள்தான். 0, 1, 2 மூன்றும் சிற்றெழுத்தின் உயரம். 3, 4, 5, 7, 9 கீழே இறங்கும். 6, 8 மேலே ஏறும். பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்று இங்கிலீஷில் இருப்பது போல இவை எண்களின் சின்ன எழுத்து. ஒரு பத்திக்கு நடுவில் '1757' என்று வந்தால் அக்கம்பக்கத்துச் சொற்களோடு முட்டாமல் கலந்துவிடும். நம் எல்லோர் கம்ப்யூட்டரிலும் இருக்கிற ஜார்ஜியாவிலும் எண்கள் இப்படித்தான். உற்றுப் பார்த்திருக்க மாட்டோம். நாவலுக்கு அழகு. ஃபோன் நம்பருக்கு, விலைப் பட்டியலுக்கு, முகூர்த்த நேரத்துக்கு ஆபத்து. ஏழரை மணி முதல் ஒன்பது மணிக்குள் என்பதை எண்ணில் எழுதிப் பாருங்கள்: 7 தொங்கும், 3 தொங்கும், 0 சுருங்கும், 9 தொங்கும்.

சரி, வழி இருக்கிறதா என்றால் ஃபாண்டுக்குள்ளேயே இருக்கிறது. ஒரே உயரத்தில் நிற்கிற எண்களையும் வரைந்து உள்ளே வைத்திருக்கிறார்கள். லைனிங் எண்கள் என்று பெயர். இல்லஸ்ட்ரேட்டர் என்ற வரைகலை மென்பொருளில் ஓப்பன்டைப் பெட்டியைத் திறந்தால் கிடைக்கும். அதே மாதிரி மென்பொருளான கோரல் டிராவின் புதிய பதிப்பிலும் அந்த வசதி உண்டு. இணையப் பக்கம் செய்கிறவர்கள் ஸ்டைலில் 'லைனிங் நம்ஸ்' என்று ஒரு வரி சேர்த்தால் போதும். ஆனால் எங்கள் மாதிரிக் கடைகளில் ஓடுவது பெரும்பாலும் பழைய கோரல். அதில் அந்தக் கதவே கிடையாது. எண்ணை மட்டும் வேறு ஃபாண்டிலிருந்து கடன் வாங்க வேண்டியதுதான். முதல் நாளிலேயே இதை யாராவது சொல்லியிருந்தால் 600 தாள் மிச்சம். இயல்பாக வர வேண்டியது எது, தேடி எடுக்க வேண்டியது எது என்பதில் சோரன்சன் புத்தகக்காரர் பக்கம் சாய்ந்துவிட்டார் என்பது என் புகார். என்னைப் போல நம்பர் அடிக்கிறவர்களை அவர் நினைக்கவில்லை.

எண்ணில் கோட்டைவிட்டவர், பெரிய எழுத்தில் நம்மை நினைத்தே வரைந்தது போலச் செய்திருக்கிறார். பொதுவாக ஃபாண்டுகளில் பெரிய எழுத்து நன்றாக ஓங்கி, கொஞ்சம் தடித்து நிற்கும். பிளேஃபேரில் அவை குட்டை. சிற்றெழுத்தைவிட மிகக் கொஞ்சம்தான் கனம். பெயர்ச்சொல்லுக்கெல்லாம் பெரிய எழுத்துப் போடுகிற ஜெர்மன் போன்ற மொழிகளில் பக்கம் திட்டுத்திட்டாகத் தெரியக் கூடாது என்பது ஒரு காரணம். ஜெர்மன்காரனுக்கு அந்தத் தொல்லை என்றால் நமக்கு இனிஷியல். மாப்பிள்ளைக்கு இனிஷியல், அவர் அப்பாவுக்கு இனிஷியல், தாத்தாவுக்கு இரண்டு இனிஷியல். அப்புறம் பட்டங்கள். ஒரு பத்திரிகையில் பெண்ணுக்கு பி.இ., எம்.பி.ஏ.; பையனுக்கு எம்.பி.பி.எஸ்., எம்.டி.; பெரியப்பாவுக்கு பி.எஸ்ஸி., பி.எட்., ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். எல்லாமே பெரிய எழுத்து. வேறு ஃபாண்டில் இந்தப் பட்டங்கள் பெயரை மிதித்துக்கொண்டு நிற்கும். பிளேஃபேரில் அடக்கமாகப் பின்னால் வரும். இன்னும் அடக்க வேண்டுமென்றால், பிளேஃபேர் டிஸ்ப்ளே எஸ்.சி. என்று குட்டிப் பெரிய எழுத்துக்காகவே தனிக் குடும்பம் ஒன்று இருக்கிறது. அதிலும் பிளாக் இட்டாலிக் உண்டு, அதுவும் இலவசம். பட்டங்களை அதில் போடுகிறேன். இதற்கு ஒரு டாக்டர் மாப்பிள்ளை வீட்டில் மட்டும் எதிர்ப்பு வந்தது. பட்டம் பெரிதாகத் தெரிய வேண்டுமாம். போட்டுக் கொடுத்தேன்.

இன்னொரு வசதி, கீழே தொங்குகிற பாகங்கள் குட்டை. 'ஒய்', 'ஜி', 'ஜே' வால்கள் நீளமாக இறங்காது. 'ஐஸ்வர்யா', 'ஜெயஸ்ரீ' என்று எழுதினால் இங்கிலீஷில் 'ஒய்' எத்தனை வரும் என்று பாருங்கள். வாலும் கொம்பும் மோதாமல் இரண்டு பெயர்களை நெருக்கி அடுக்கலாம். 42 பாயிண்ட் எழுத்துக்கு 42 பாயிண்ட் வரி இடைவெளியே வைத்து இரண்டு பெயரையும் ஒரு கட்டியாக நிறுத்தும்போதுதான் இந்த பிளாக் இட்டாலிக்கின் முழு அழகும் தெரியும். இடையில் காற்று விட்டால் சாதாரணமாகிவிடும். நெருக்கினால் முத்திரை குத்தியது போல இருக்கும்.

முஸ்லிம் வீட்டுப் பத்திரிகைகளில் 'ரஃபி', 'ஹாஃபிஸ்' போன்ற பெயர்கள் வரும். இங்கிலீஷில் 'எஃப்' அடுத்து 'ஐ'. இரண்டையும் சேர்த்து ஒரே எழுத்தாக வார்த்த கூட்டெழுத்தும் இந்த ஃபாண்டில் இருக்கிறது. எனக்கு அது பிடிக்கும். வீட்டார் மட்டும் 'எழுத்து ஒட்டிக்கிச்சே' என்பார்கள். பிரித்துக் கொடுத்துவிடுவேன், பத்திரிகை அவர்களுடையது.

தமிழ்ப் பக்கத்துக்கு வருகிறேன். பிளேஃபேரில் தமிழ் கிடையாது. லத்தீன் இருக்கிறது, ரஷ்யன் இருக்கிறது, வியட்நாம் மொழிக்குரிய குறிகளும் இருக்கின்றன. தமிழுக்குத் துணை நாம்தான் தேட வேண்டும். பலர் செய்கிற தப்பு, இங்கிலீஷ் சாய்ந்திருக்கிறதே என்று தமிழையும் பிடித்துச் சாய்ப்பது. இங்கிலீஷ் இட்டாலிக்கில் எழுத்தின் வடிவமே மாறுகிறது என்று சொன்னேன் அல்லவா? தமிழைச் சாய்த்தால் வடிவம் மாறாது, விழத்தான் செய்யும். 'ழ'வும் 'ஞ'வும் காற்றில் சாய்ந்த வாழை மாதிரி ஆகிவிடும். சாய்வு வேண்டும் என்று அடம்பிடித்தால் கவிவாணர் என்ற ஃபாண்ட் இருக்கிறது. இலங்கையின் தாரிக் அஸீஸ் வரைந்தது, கையெழுத்தை வைத்துப் பிறப்பிலேயே சாய்வாக உருவானது. அது அழகுதான், ஆனால் பிளேஃபேரின் தடிமனுக்குப் பக்கத்தில் வைத்தால் இளைத்துப் போய்த் தெரியும். நான் போடுவது நோட்டோ செரிஃப் தமிழ், தடித்த கனத்தில், நேராக. அதிலும் கனம்-மெலிவு வித்தியாசம் இருப்பதால் இரண்டும் ஒரே கையிலிருந்து வந்தது போல ஓரளவு பொருந்தும். தமிழ் எழுத்து அகலம் பிடிக்கும். இங்கிலீஷ் 42 என்றால் தமிழை 34-க்கு இறக்குவேன். ஒரு பக்கம் நேர், ஒரு பக்கம் சாய்வு என்று யாரும் இதுவரை கேட்டதில்லை. சாய்த்துக் கொடுத்தபோதுதான் கேட்டார்கள்.

பெரிய பெரிய ஃபிளெக்ஸுக்கு இதைப் போடலாமா என்றால், வேண்டாம். பெரிதாகப் போடத்தான் ஃபாண்ட் என்று மேலே சொன்னேன், ஆனால் பெரிது என்பது வேறு, தூரம் என்பது வேறு. நாற்பதடி தள்ளி பைக்கில் போகிறவருக்கு முடிக்கோடு தெரியாது. தடித்த கோடு மட்டும் வரிசையாக, வேலி போட்டது போல நிற்கும். கடை போர்டு இன்னும் மோசம். அக்ரிலிக்கில் எழுத்தை வெட்டி உள்ளே விளக்குப் போடுகிறார்களே, அதில் மெல்லிய இணைப்பு எல்லாம் வெட்டும்போதே ஒடியும். அந்த வேலைக்கு நான் அனுப்புவது கூப்பர் பிளாக்கின் இட்டாலிக். சிகாகோவில் ஆஸ்வால்ட் கூப்பர் வரைந்தது. நேரான கூப்பர் பிளாக் 1922-இல் வந்தது. அதுவும் தடி, அதுவும் செரிஃப் (கோட்டு நுனியில் சின்னக் கால் வைத்த எழுத்து), ஆனால் மூலையெல்லாம் உருண்டை, முடிக்கோடே கிடையாது. ஊறவைத்த கொண்டைக்கடலை மாதிரி. பேக்கரிக்கும் பொம்மைக் கடைக்கும் அது பொருந்தும். பட்டுப்புடவைக் கடைக்கும் கல்யாணத்துக்கும் பிளேஃபேர்.

போட்டிக்கு இருப்பவற்றையும் தொட்டுவிடுகிறேன். ஏப்ரில் ஃபேட்ஃபேஸ் அருமையான தடி, ஆனால் கூகுளில் கிடைப்பதில் இட்டாலிக் இல்லை. டி.எம். செரிஃப் டிஸ்ப்ளேயில் இட்டாலிக் உண்டு, கனம் ஒன்றே ஒன்று. போடோனி மோடா பிளேஃபேரைவிட இன்னும் கறார். முடிக்கோடு இன்னும் சன்னம். ஃபேஷன் பத்திரிகைக்குச் சரி, எங்கள் ஸ்கிரீனுக்கு வராது. லாப்ஸ்டரை யாரும் கேட்காதீர்கள், பத்து வருஷமாக பிரியாணிக் கடை எல்லாம் அதில்தான் இருக்கிறது.

இப்போதெல்லாம் கல்யாணப் பெண்ணே கேன்வாவில் டிசைன் செய்து வாட்ஸாப்பில் அனுப்பிவிடுகிறாள். ரசனை நன்றாகத்தான் இருக்கிறது. அதில் பிளேஃபேரும் இருக்கும். ஆனால் நான் பார்த்தவரை பிளாக்கைத் தேடி எடுப்பவர்கள் இல்லை. போல்ட் பொத்தானை அழுத்திவிட்டு அதுதான் கடைசி என்று நினைத்துக்கொள்கிறார்கள். இன்னும் சிலர் வேர்டில் ரெகுலரை மட்டும் வைத்துக்கொண்டு, அந்த 'பி', 'ஐ' பொத்தான்களை அழுத்துவார்கள். ஃபாண்ட் இல்லாத இடத்தில் மென்பொருள் தானாகவே கோட்டை ஊதிச் சாய்த்துக் காட்டும். போலி போல்ட், போலி இட்டாலிக். கண்டுபிடிப்பது சுலபம்: சிற்றெழுத்து 'ஏ'வைப் பாருங்கள். சாய்ந்த பிறகும் இரண்டு மாடியாக இருந்தால் போலி.

2023-இல் சோரன்சனே பிளேஃபேர் டிஸ்ப்ளேயின் அடுத்த அவதாரத்தையும் கொண்டுவந்துவிட்டார். பெயர் வெறும் பிளேஃபேர். டிஸ்ப்ளே என்ற வால் இல்லை. 5 பாயிண்டில் ஆரம்பித்து 1,200 பாயிண்ட் வரை, அளவுக்குத் தகுந்தபடி முடிக்கோடு தானாகவே தடித்தும் மெலிந்தும் கொடுக்கிறது. நான் 8 பாயிண்டில் ஒரு முகவரியை அச்சடித்துப் பார்த்தேன். கண்ணாடி இல்லாமல் படித்தேன். மேலே சொன்ன திட்டில் பாதியை இது வாங்கிக்கொண்டுவிடும். ஆனால் அதை ஓட்ட என் பழைய கோரலுக்குத் தெம்பு இல்லை. கம்ப்யூட்டர் மாற்றிய பிறகு அதற்குத் தனியாக ஒரு மதிப்புரை எழுதலாம்.

அந்த பென்ஷன்காரர் போன தை மாசம் திரும்ப வந்தார், இரண்டாவது மகளுக்கு. கையில் முதல் பத்திரிகை. அதில் பெயர்கள் இருந்த இடத்தை விரலால் தொட்டு, "பேரு மட்டும் இதே எழுத்துல வேணும். நம்பர நீ தொடாத, எங்க தினசரி காலண்டர்ல இருக்கே, அந்த மாதிரி போட்டுரு" என்றார். போட்டேன். புரூஃபில் நம்பரை மட்டும் இரண்டு தடவை விரல் வைத்து எண்ணிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

இறக்கிப் பார்க்க நினைக்கிறவர்களுக்கு ஒன்று. கூகுள் ஃபாண்ட்ஸில் இறக்குகிற ஜிப்பைப் பிரித்ததும் மேலாக இருக்கிற வேரியபிள் கோப்புகளை (எல்லாக் கனமும் ஒன்றாக அடங்கியவை) அவசரப்பட்டு நிறுவாதீர்கள், பழைய மென்பொருள் அதை ரெகுலராக மட்டும் காட்டும். உள்ளே 'ஸ்டாட்டிக்' என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். பிளாக் இட்டாலிக் அதற்குள் தனிக் கோப்பாக இருக்கிறது. பிரஸ்ஸுக்கு அனுப்பும் முன்னால் மறக்காமல் எழுத்தைக் கர்வாக, அதாவது வெறும் கோட்டு வடிவமாக மாற்றிவிடுங்கள். அவர்களிடம் இந்த ஃபாண்ட் இருக்காது.